கம்பளியக்காவும் இருபத்தேழு டிகிரியும்

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கென்று சொந்தமாக ஒன்றும் கிடையாது. வயல் இல்லை, ஆலை இல்லை, பார்க்கப் போனால் உருப்படியாக ஒரு கிணறுகூட இல்லை. ஒரு பேருந்து நிலையமும் அதிலிருந்து மலைக்கு ஏறும் ஒரு சாலையும்தான் ஊரின் மொத்தச் சொத்து. ஆனாலும் அங்கே யார் வீட்டு அடுப்பும் அணைந்ததில்லை. ஊர் முழுக்கப் பயத்தை விற்றுப் பிழைத்தது. மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே இறங்கி வண்டி மாறியாக வேண்டும், சொந்த வண்டி என்றால் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். இறங்கியவர் காலை நீட்டிச் சோம்பல் முறிப்பதற்குள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பயத்தை அவர் காதில் ஓதிவிடுவார்கள்.

பிரேக் பயம் மெக்கானிக்குடையது. "போன வாரம் இதே மாதிரி ஒரு வண்டி..." என்று ஆரம்பித்து, பெருமூச்சு விட்டு, ஸ்பேனரைத் துடைக்கப் போய்விடுவார். மீதியைச் சொல்லவே மாட்டார். மீதி என்று ஒன்று இருந்தால்தானே சொல்வதற்கு. வாந்திப் பயம் எலுமிச்சம்பழம் விற்கிற பெண்ணுடையது. குளிர்ப் பயம் முழுக்க முழுக்கக் கம்பளியக்காவுக்குச் சொந்தம்.

கம்பளியக்காவின் கடை பேருந்து நிலையத்தின் வாசலை ஒட்டிய ஓர் ஒற்றை அறை. உள்ளே ஒரு கட்டில் போட்டால் கதவு மூடாது. மூன்று பக்கமும் கயிறு கட்டி ஸ்வெட்டர், சால்வை, போர்வை, குல்லா, கையுறை என்று தொங்கவிட்டிருப்பாள். அந்துருண்டை வாசனை தெருவரைக்கும் வரும். எல்லாமே வாடகைக்கு. ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் தைத்திருப்பாள், அதுதான் அவள் முத்திரை. நாலாவது சுவரில்தான் வேடிக்கை. அங்கே வரிசையாக ஆணிகள். ஆணிக்கு ஆணி சாவிக்கொத்துகள்.

அடமானமாக அவள் பணம் வாங்குவதில்லை. வீட்டுச் சாவியைத்தான் வாங்குவாள். "பணத்தை விட்டுட்டு ஸ்வெட்டரோட போயிடுவாங்க. வீட்டை விட்டுட்டு எங்க போவாங்க" என்பது அவள் கணக்கு. முதலில் எல்லாரும் தயங்குவார்கள். "உங்க வீடு எந்த ஊர்ல எந்தத் தெருவுலன்னு எனக்குத் தெரியுமா? சாவிய வச்சுக்கிட்டு நான் எந்தக் கதவைத் திறக்கப் போறேன்" என்று கேட்டால், அதுவும் சரிதானே என்று கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு கையுறைகூடத் திரும்பாமல் போனதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, பயமுறுத்துவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆள் இல்லை. ஊரோ வெந்துகொண்டிருக்கும். இறங்குகிறவர்கள் சட்டைக் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டே இறங்குவார்கள். அவர்களிடம் போய்க் கம்பளி வேண்டுமா என்று கேட்டால் யார் வாங்குவார்கள்? அதனால் அவள் கேட்பதே இல்லை. தோளில் ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டு பரிதாபமாக அவர்களைப் பார்ப்பாள். அவ்வளவுதான். கல்லாவுக்கு அடியில் ஒரு குட்டி மின்விசிறி அவள் காலுக்குக் காற்று வீசிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. அந்தப் பார்வை தாங்காமல் அவர்களே வந்து, "மேல ரொம்பக் குளிருமா?" என்று கேட்பார்கள். உடனே கதை ஆரம்பமாகும். ஒருவருக்குக் காது மரத்துப்போய்ச் செல்போன் பேச முடியாமல் போனது. ஒருவருக்கு மீசை விறைத்துக்கொண்டது. கேட்பவரின் முகத்துக்குத் தக்கபடி கதை கூடும், குறையும்.

இதற்கு மேல் ஒரு விளம்பரமும் உண்டு. அவள் கணவன் மலைக்கு மினி பஸ் ஓட்டுகிறவன். கீழே இறங்கும்போது கடைசி வளைவில் வண்டியை நிறுத்தி, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றி, குல்லாவை மாட்டிக்கொண்டுதான் ஊருக்குள் நுழைய வேண்டும். அப்படி ஓர் உத்தரவு. அவனுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"இன்னிக்கு ஒரு நாள் வேணாமே. அரிப்பு தாங்கல" என்பான்.

"குடும்பத்துக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா" என்று அவள் கேட்பாள். அதற்கு எந்தக் கணவனால் பதில் சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவு பேசுகிறவள் மலைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. இந்த விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, உள்ளூர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள். கல்யாணமான புதிதில் கணவன் ஆசையாகக் கூட்டிப் போனான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள். இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அந்தப் பயணத்துக்காக வாங்கிய புது ஸ்வெட்டர் மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது. பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாளைக்கு இரவல் கொடுப்பீர்களா என்று கேட்டார். அவர் பையில் சில்லறை இல்லை, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கடை பிறந்த கதை இதுதான்.

அதே நாளில் இன்னொரு கடையும் பிறந்தது. அன்று கூடவே வந்து, புது அண்ணி படுகிற பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்த நாத்தனார் இரக்கப்பட்டாள் என்று நினைக்கிறீர்களா? யோசித்தாள். மறுநாளே ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சைக்காரி என்பது அவள்தான். "அண்ணி வாந்தில வளர்ந்த குடும்பம் நாங்க" என்று யாராவது கிடைத்தால் சொல்லிச் சிரிப்பாள். கம்பளியக்காவுக்கு வயிறு எரியும். இரண்டு பேரும் வாய் ஓயாமல் சண்டை போடுவார்கள், ஆனால் ஒரே பாத்திரத்தில் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட ஒரு பலகை வந்தது.

சுற்றுலா அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்திருந்தார். இளவயது, இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லும் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் தொல்லையே. வருகிற பயணிகளின் அச்சத்தைப் போக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கம்பளியக்கா கடைக்கு நேர் எதிரே ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் மின்சாரப் பலகை ஒன்றை மாட்டினார். மலைமேல் ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருக்கிறதாம். அங்கே எவ்வளவு குளிர், எவ்வளவு வெயில் என்று அது அளந்து சொல்ல, இங்கே பலகையில் சிவப்பு எழுத்தில் எரியுமாம். திறந்துவைத்த அன்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். 'மலைமேல் இப்போது: 27 டிகிரி' என்று எரிந்தது.

கம்பளியக்கா கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். இருபத்தேழுதான்.

மறுநாளிலிருந்து அவள் பரிதாபப் பார்வை செல்லாக்காசாகிப் போனது. இறங்குகிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள். ஒருவன் போகிறபோக்கில், "அக்கா, சால்வைய எடுத்துடுங்க. வேர்த்து ஊத்துது" என்றான். காலையில் இருபத்தேழு, மதியம் இருபத்தெட்டு, பொழுது சாயும்போதும் இருபத்தேழு. மஃப்ளரோடு வந்து இறங்கும் கணவனைப் பார்த்துப் பயணிகள் காய்ச்சலா என்று விசாரித்தார்கள். சுவரில் ஆணிகள் மொட்டை மொட்டையாக நின்றன. ஈ ஓட்டுவதற்குக்கூட அந்துருண்டை வாசனைக்கு ஈ வராது.

ஒரு மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு நாத்தனார் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் பழம் துடைச்சு அடுக்க ஒரு ஆள் வேணும். கடைய மூடிட்டு என்கூட வந்து உக்காருங்களேன். வீட்டு ஆள் இருக்கறப்போ வெளியாளு எதுக்கு?"

அவள் உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள். அதுதான் பொறுக்க முடியவில்லை. கிண்டலாகச் சொல்லியிருந்தால் கம்பளியக்கா நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து அதோடு விட்டிருப்பாள். தான் வாந்தி எடுத்ததை மூலதனமாக வைத்து வளர்ந்தவளின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழத்தைத் துடைத்துத் துடைத்து அடுக்குவதை நினைத்துப் பார்த்தாள். இந்த ஒற்றை அறை அவள் சுயமாகச் சம்பாதித்த பேர். ஊரில் யாரும் அவளை டிரைவர் பெண்டாட்டி என்று சொன்னதில்லை. கம்பளியக்கா என்றுதான் சொன்னார்கள். கம்பளி இல்லாவிட்டால் அப்புறம் என்ன அக்கா?

அன்று சாயங்காலம் தண்ணீர் பாட்டிலுக்கு ஈரத்துணி சுற்றும்போது அவளுக்கு யோசனை வந்தது. ஈரத்துணி சுற்றினால் வெயிலில்கூடப் பாட்டில் ஜில்லென்று ஆகிறது. பெட்டி என்ன, பாட்டிலை விட உசத்தியா? மேலே போக வேண்டியது, பெட்டியைத் தேடிப்பிடிக்க வேண்டியது, ஒரு ஈரத்துண்டைச் சுற்றிவிட்டு வர வேண்டியது. பலகை தானாக வழிக்கு வரும்.

கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மூன்றாவது வளைவை ஞாபகப்படுத்திச் சிரிப்பான். மறுநாள் காலையில் ஒரே ஒரு வியாபாரம் நடந்தது. வழுக்கைத் தலையர் ஒருவர் மனைவியோடு வந்தார். "முடி இருக்கறவங்களுக்குப் பரவால்ல சார். குளிர் முதல்ல தலையிலதான் இறங்கும்" என்று ஒரு போடு போட்டாள். அவர் பலகையைப் பார்த்தார், தன் தலையைத் தடவிப் பார்த்தார், ஒரு குல்லா எடுத்துக்கொண்டார். அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, கடையைப் பூட்டி, நாத்தனாரிடம் தலைவலிக்கு மோந்து பார்க்க என்று ஒரு பழம் வாங்கிக்கொண்டு, கணவன் ஓட்டாத வேறு ஒரு பஸ்ஸில் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். பையில் ஈரத்துண்டு பத்திரமாக இருந்தது.

கதவைப் பூட்டும் முன்னால் வழக்கம்போலக் கை ஒரு ஸ்வெட்டரை நோக்கிப் போனது உண்மைதான். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு விட்ட கதையை நானே நம்பினால் எப்படி? காது மரத்ததும் மீசை விறைத்ததும் அவள் கற்பனை. எதிரே பலகை இருபத்தேழு என்று கொட்டை எழுத்தில் சொல்கிறது. ஸ்வெட்டரை விட்டுவிட்டு, அன்றாடம் உடுத்தும் மெல்லிய பருத்தித் துணியோடு கிளம்பினாள்.

மூன்றாவது வளைவு அவளை மறக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து அழுத்தினாள், நக்கினாள், கடைசியில் கடித்தே தின்றாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே மீதி வளைவுகளையும் கடந்தாள். அந்த அவஸ்தையிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. இத்தனை வருடமாக நாத்தனார் ஊர் உலகத்துக்கே தண்ணி காட்டியிருக்கிறாள், இனிமேல் வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே இறங்கினால் நல்ல வெயில். காற்று இதமாக இருந்தது, அவ்வளவுதான். குளிராவது ஒன்றாவது. கம்பளியக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தாள். அவளுக்குத் தன்னை நினைத்தே பெருமை பொங்கியது. இல்லாத குளிரை இத்தனை வருடம் விற்றிருக்கிறேனே, என் வாய்க்கு எவ்வளவு சாமர்த்தியம் இருக்க வேண்டும் என்று மெய்யாகவே தன்னை மெச்சிக்கொண்டாள்.

பிறகு பெட்டியைத் தேடினாள். ஏரிக்கரையில் தேடினாள், படகுத்துறையில் தேடினாள், கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது பின்னாலிருந்து வெள்ளையாக ஏதோ வந்து முதுகைத் தொட்டது. மூடுபனி. கண் மூடித் திறப்பதற்குள் ஏரியைக் காணோம், படகைக் காணோம், எதிரே வந்த குதிரையைக் காணோம். கூடவே சாரலும் பிடித்தது.

முதலில் விரல்கள் போயின. அப்புறம் மூக்கு. அப்புறம் காது. அவள் காதைத் தொட்டுப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அடப்பாவி, காது மரத்துப்போகும் என்று சொன்னது நிஜமாகவே நடக்கிறதே என்று நினைத்தபோது பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்திருந்தன. பொய்யென்று நம்பிச் சொன்னதெல்லாம் வரிசையாக வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கு மீசை இல்லாததால் அது ஒன்று மட்டும் தப்பித்தது.

வெளிச்சம் தெரிந்த பக்கம் ஓடினாள். தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை. உள்ளே பாய்லர் புகைந்துகொண்டிருந்தது, பெஞ்சுகளில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் ஒன்றுமே கேட்காமல் ஒரு டீயை நீட்டினார். பிறகு ஒரு கம்பளிப் போர்வையை எடுத்தார். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, அவரும் அந்தத் தொழில்தான்.

"போர்வை வாடகைக்குத்தாங்க. அடமானத்துக்கு வீட்டுச் சாவி குடுத்துட்டு எடுத்துக்கங்க."

"சாவியா?"

"ஆமாங்க. கீழ ஒரு அக்கா கடைல அப்படித்தான் வாங்குவாங்களாம். அந்தம்மா பலே கெட்டிக்காரின்னு சொல்லுவாங்க."

வேறொரு நேரமாக இருந்தால் இந்தப் பாராட்டுக்கு அவள் இன்னொரு டீ வாங்கிக் குடித்திருப்பாள். நான்தான் அந்த அக்கா என்று இந்தக் கோலத்தில் எப்படிச் சொல்வது? பேசாமல் கடைச் சாவியை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பாய்லருக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டினார். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். உயிர் திரும்பி வந்தது.

உயிர் வந்ததும் கண்ணும் வேலை செய்ய ஆரம்பித்தது. சாவி தொங்கிய ஆணிக்குப் பக்கத்தில், பாய்லரின் ஆவி நேராகப் போய் அடிக்கும் இடத்தில், ஒரு வெள்ளைப் பெட்டி. பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள், அடியிலிருந்து ஒரு ஒயர், நெற்றியில் சுற்றுலா அலுவலக முத்திரை. அவள் வாயில் ஈ போவது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு எங்கிருந்து இருபத்தேழு டிகிரி வந்தது என்று இப்போது விளங்கியது. மலையிலேயே சூடான இடத்தைத் தேர்ந்தெடுத்து அதில் உட்கார்ந்துகொண்டு, மலை சூடாக இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறது.

"அது ஏங்க அங்க மாட்டியிருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"எங்க மாட்டலாம்னு மாட்ட வந்தவங்க கேட்டாங்க. இங்கதான் கரண்ட் இருக்கு, இங்கயே மாட்டுங்கன்னு சொன்னேன். சூடா டீயும் குடுத்தேன்." டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ எல்லாரும் பயமுறுத்திப் பொழைக்கறாங்க. பயந்தவன் ஸ்வெட்டரோட வந்தா எனக்கு என்ன லாபம்? பயப்படாம வந்தாத்தானே என்கிட்ட நடுங்கிட்டு நிப்பான்."

கம்பளியக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து அந்தப் பெட்டியைப் பிடுங்கி ஏரியில் வீசிவிடலாமா என்று பார்த்தாள். போர்வையை விட்டு வெளியே வரத்தான் மனம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"அட, கீழ கம்பளிக் கடை அக்காவா நீங்க?"

காலையில் வந்த வழுக்கைத் தலையர். தலையில் அவள் குல்லா. எழுந்து பக்கத்தில் வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தலையில குளிர் இறங்கும்னு எனக்கு அவ்வளவு சொன்னீங்களே. நீங்க ஒண்ணுமே போடாம வந்துட்டீங்களா?"

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. கம்பளியக்கா முகத்தை மறைக்கப் போர்வை நுனியை இழுத்தாள். இழுத்த நுனியில் உட்புறமாக ஒரு சிவப்புப் பொத்தான் தைத்திருந்தது.

அவள் பொத்தானைப் பார்த்தாள். பொத்தானும் அவளைப் பார்த்தது. சீசனுக்குச் சீசன் நைந்த போர்வைகளையும் சால்வைகளையும் ஒதுக்கி, எங்கேயாவது தூக்கிப் போட்டுவிட்டு வாருங்கள் என்று கணவனிடம் மூட்டை கட்டிக் கொடுப்பது அவள் வழக்கம். மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்கள் போர்த்தியிருந்ததையும் கூர்ந்து பார்த்தாள். எல்லாம் பழைய முகங்கள்தான்.

கணவனும் சரியாக அப்போதுதான் உள்ளே வந்தான். கடைசி நடையை எடுக்குமுன் டீ குடிக்க வந்திருக்கிறான். டீக்கடைக்காரரிடம், "அண்ணே, வழக்கம்போல ஒரு டீ, ரெண்டு பன்னு" என்று உரிமையோடு சொல்லிவிட்டுத் திரும்பியவன் போர்வைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனது.

"டீ, பன்னு எல்லாம் ஓசியா?" என்று அவள் கேட்டாள்.

"நீ எப்படி இங்க?"

"நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க."

"நீதான தூக்கிப் போடச் சொன்னே" என்றான் ஈனசுரத்தில். "கீழ போட்டா உன் கண்ணுல படும். அதான் மேல கொண்டாந்து போட்டேன்."

டீக்கடைக்காரர் சாவியை ஆணியிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "தெரியாம வாங்கிட்டேன்க்கா. மன்னிச்சுக்கங்க. பெட்டிய வேணும்னா இப்பவே கழட்டி வெளிய மாட்டிடறேன்" என்றார். கணவன் ஒரு படி மேலே போய், மாட்ட ஸ்டூல் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டான். அவள் பையில் ஈரத்துண்டு இன்னமும் இருந்தது.

கம்பளியக்கா டீயைக் குடித்து முடித்தாள். பெஞ்சில் போர்வையோடு உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால், வாசலில், போர்வை கிடைக்காமல் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்களையும் பார்த்தாள்.

"போர்வை போதுதா உங்களுக்கு?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

"எங்கக்கா போதுது. பலகை வந்ததுலேர்ந்து ஒருத்தனும் ஒண்ணும் எடுத்துட்டு வர்றதில்ல. பாதிப் பேர இல்லன்னு திருப்பி அனுப்பறேன்."

"எங்கிட்ட கடை நிறைய சரக்கு சும்மா தொங்குது. நாளைலேர்ந்து இவர் வண்டில வரும். நைஞ்சது இல்ல, நல்லதாவே வரும். வர்ற வாடகைல பாதி உங்களுக்கு, பாதி எனக்கு. பழைய கணக்கை நான் கேக்கல. இவர் குடிச்ச டீயில கழிச்சுக்கறேன்."

டீக்கடைக்காரர் தலையை ஆட்டினார். ஸ்டூலின் மேல் ஏறி நின்ற கணவன், "அப்ப இந்தப் பெட்டிய?" என்றான்.

"அதுல கைய வைக்காதீங்க, இறங்குங்க" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். "பாய்லர மட்டும் இன்னும் கொஞ்சம் பெட்டிப் பக்கம் தள்ளி வைங்க."

திரும்பி இறங்கும்போது அவளுக்கு வாந்தியே வரவில்லை. வழிநெடுகக் கணவனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்ததில் மூன்றாவது வளைவு எப்போது போனது என்றே தெரியவில்லை. மறுநாள் இதை நாத்தனாரிடம் சொன்னாள்.

"உன் பழம் சுத்த ஏமாத்து. வாந்தி நிக்கணும்னா யாரையாவது திட்டிக்கிட்டே போகணும், அதான் மருந்து."

"எல்லாருக்கும் எங்கண்ணன் மாதிரி ஆள் கெடைக்குமா அண்ணி? கெடைக்காதவங்க பழம் வாங்கட்டுமே" என்று நாத்தனார் கொஞ்சம்கூட அசராமல் அடுத்த பழத்தைத் துடைத்தாள். கூடைக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருப்பதைப் பற்றி மறுபடி அவள் பேசவே இல்லை.

அதற்குப் பிறகு கம்பளியக்கா பொய் சொல்வதை விட்டுவிட்டாள். தேவைப்படவில்லை. பலகை இப்போது முப்பத்தொன்று காட்டியது. மேலே ரொம்பக் குளிருமா என்று கேட்கிறவர்களிடம், "ஆமாங்க. நானே ஒண்ணும் போடாம போயி நடுங்கிட்டு நின்னேன். என் காது மரத்தே போச்சு" என்று நடந்ததை நடந்தபடி சொன்னாள். கற்பனைக் கதைக்குக் கண்கலங்கிய ஜனங்கள் உண்மைக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவன்கூட, "ரொம்ப நடிக்காத, கொஞ்சம் குறைச்சுக்க" என்றான். அவன் கழுத்தில் மஃப்ளர் இல்லை. அந்த உத்தரவை அவளே ரத்து செய்துவிட்டாள். வேர்க்குரு ஆறி, ஆள் புது மாப்பிள்ளை மாதிரி இருந்தான். நம்பாமல் போகிறவர்களை முன்பு போலத் துரத்திப் பிடிக்காமல், "சரிங்க, சந்தோஷமா போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள். பயந்தவர்கள் கீழே எடுத்தார்கள், பயப்படாதவர்கள் மேலே எடுத்தார்கள். எடுத்ததில் எல்லாம் சிவப்புப் பொத்தான் இருந்தது.

பெட்டியை என்றைக்காவது யாராவது இடம் மாற்றினால்? மாற்றட்டுமே. பலகை உண்மையைச் சொன்னால் கூட்டம் மொத்தமும் இவள் கடை வாசலில்தான் நிற்கும். எப்படிப் பார்த்தாலும் பழுதில்லை என்ற நிம்மதியில் அவள் தினமும் காலையில் கடை திறந்ததும், ஒரு நீளக் கம்பில் துணி கட்டி, எதிரே இருந்த பலகையைத் தூசி தட்டித் துடைக்க ஆரம்பித்தாள்.

அதிகாரி அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டார். அதே அரைக்கைச் சட்டை.

"அக்கா, உண்மையைச் சொல்லணும்னா இந்தப் பலகையால உங்க வியாபாரம் கெட்டுடும்னு எனக்கு ஒரே கவலை. உங்களுக்கு எம்மேல கோபம் இல்லையே?"

"எனக்கு எதுக்குங்க கோபம்? நீங்க நல்லா இருக்கணும்" என்று மனசாரச் சொன்னாள். அவளுக்கு உண்மையிலேயே அவரைப் பிடித்திருந்தது.

"வந்ததுலேர்ந்து மேல போகவே நேரம் கிடைக்கல. இன்னிக்குத்தான் போறேன், சும்மா சுத்திப் பாக்க. சாயங்காலம்வரை இருந்துட்டு வரலாம்னு."

அவள் எழுந்து, கயிற்றிலிருந்து ஒரு நல்ல ஸ்வெட்டராகப் பார்த்து எடுத்து நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க சார். வாடகை வேணாம். நிஜமாவே குளிரும்."

அதிகாரி சிரித்தார். ஸ்வெட்டரை மெதுவாக அவள் பக்கமே தள்ளிவிட்டு, பலகையைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தொன்று பளபளவென்று எரிந்தது. "எங்கிட்டயேவா அக்கா?" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். கம்பளியக்கா ஸ்வெட்டரை மடித்து, அன்றைக்கு மேலே போக வேண்டிய மூட்டையில் செருகினாள். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"சார், வீட்டுச் சாவி கையில இருக்குல்ல?"

அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "இருக்கே. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல, பத்திரமா வச்சுக்கங்க" என்றாள். "மேல தேவைப்படும்."